அந்தப் பதினோரு பேர் யார் என்று கேட்டீர்களா?

பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் தலைவர், போதகர் ஐயரவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு வேளையில் வாசித்ததை நானும் அம்மாவும் வீட்டில் இருந்துதான் கேட்டோம். வரும் 2025 நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு தொடங்கி ஆராதனையின் நேரலை கிடையாது என்றார் செயலர் அண்ணன். சராசரியாகப் பதினோரு பேர்தான் பார்க்கிறார்களாம், அதற்கு இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்று கமிட்டியில் எல்லாருக்கும் தோன்றியதாம். நேரலையை நிறுத்துகிற செய்தி நேரலையில்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஏளா, என்னத்த நிறுத்துதாங்களாம்?" என்று கேட்டாள். "பழைய சங்கக் காணிக்கைக் கவரை நிறுத்துதாங்களாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். அட்வெந்து வந்தால் பொய் வெளுத்துவிடும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஊர்ப் பெயரோ யார் பெயரோ இதில் போடவில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. வேறு சேகரங்களிலும் இதே பேச்சு ஓடுவதாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடல். இருபது வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பதினோரு பேர். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒன்று எங்கள் வீட்டுக் கைபேசி. அம்மாவுக்கு 84 வயது, இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருஷமாகக் கட்டிலில். இரண்டாவது குவைத்தில் இருக்கிற என் தம்பி. அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். நம் கோயிலில் எட்டு மணிக்கு முதல் மணி அடித்தால் அவனுக்கு விடிகாலை ஐந்தரை. வேலைக்கு வண்டி வரும்வரை பார்ப்பான், பிரசங்கத்தின் பாதியில் வண்டி வந்துவிடும். மூன்றாவது மேலத்தெருவில் ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிற பெரியவர். நம் பாடகர் குழுவில் முப்பது வருஷம் அடிக்குரல் பாடியவர். இப்போது மூக்கில் குழாயோடு வாயை மட்டும் அசைக்கிறார் என்று அவர் மருமகள் சொன்னாள். நான்காவது ஒரு தகப்பனும் தாயும். அவர்கள் பையனுக்கு ஒலிபெருக்கிச் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாட்டு முடிகிறவரை அசையாமல் கேட்கிறான். ஐந்தாவது சென்னையில் இரவு ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் திரும்புகிற ஒரு நர்ஸ் பிள்ளை. ஆறாவது ராணுவத்தில் இருக்கிற பையன், சிக்னல் கிடைத்தால்தான். ஏழாவது ஆளை இன்னார் என்று சொல்ல மாட்டேன். கலியாணமாகிப் போன வீட்டில் கோயிலுக்குப் போக முடியாது. அடுப்படியில் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறாள். மற்றக் காது மாமியார் கூப்பிடுவதற்கு.

மீதி நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. கமிட்டியில் யாருக்காவது தெரியுமா? தெரியாமல்தானே தீர்மானம் போட்டீர்கள்.

உங்கள் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் கோயில்களைத் திறக்க அரசாங்கம் அனுமதி கொடுத்த பிறகும் சில பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். நன்றாக நடமாடுகிறவர்கள், சந்தைக்கும் கலியாண வீட்டுக்கும் போகிறவர்கள், ஞாயிறு மட்டும் கைபேசியைப் பார்த்தார்கள். நானும் யோக்கியம் இல்லை. ஒரு மழை ஞாயிறு, தங்கச்சி வந்து அம்மா பக்கத்தில் இருந்தாள், நான் தாராளமாகக் கோயிலுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. பாவ அறிக்கை ஜெபத்தின் நடுவில் எழுந்துபோய்த் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிற எபிரெயர் 10:25-ஐ ஐயரவர்கள் இரண்டு மூன்று தடவை பிரசங்கத்தில் எடுத்தது என் மாதிரி ஆட்களுக்குத்தான், குத்தத்தான் செய்தது. ஆனால் அந்த வசனத்தை எடுத்துக் கட்டிலில் கிடக்கிறவளிடம் நீட்ட முடியுமா?

இந்தப் பயம் புதிதும் இல்லை. 1923-ல் லண்டனில் ஒரு ராஜ குடும்பத்துக் கலியாணத்தை வானொலியில் ஒலிபரப்ப அனுமதி கேட்டபோது திருச்சபைத் தரப்பில் மறுத்துவிட்டார்கள். ஆம்பிளைகள் மதுக்கடையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆராதனையைக் கேட்பார்களே என்பது காரணமாம். அடுத்த வருஷமே, 1924 ஜனவரி 6, லண்டனில் இன்னொரு கோயிலின் ஆராதனை பிபிசி வானொலியில் போய்விட்டது. அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் அப்பா சீஷெல்ஸ் தீவில் இருந்து வந்த பீபா (FEBA) என்ற கிறிஸ்தவ வானொலியைச் சிற்றலையில் திருகித் திருகிக் கேட்பார். பக்கத்து ஆர்.சி. தெருவில் மணிலாவில் இருந்து வெரித்தாஸ் தமிழ் வானொலி கேட்கும். கடல் அலை மாதிரி குரல் வரும், போகும். அப்பா அதைக் கேட்டாரே தவிர ஒரு ஞாயிறும் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்று என்ற எண்ணை எந்த மாதங்களில் எடுத்தீர்கள்? ஜூலை முதல் அக்டோபர் வரை என்று கேமரா பிடிக்கிற தம்பி சொன்னான். இந்த வருஷம் திரித்துவ ஞாயிறு ஜூன் 15. அதில் இருந்து அட்வெந்து வரைக்கும் 24 வாரம். பீடத்தில் பச்சைத் துணி. பண்டிகை என்று பார்த்தால் அறுப்பின் பண்டிகையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. கோயிலிலேயே பின் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கிற காலம் அது. கேமரா தம்பியும் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். ஒருநாள் பிரசங்கம் முழுக்க ஒரு தூணைத்தான் பார்த்தோம். தூணுக்குப் பின்னால் ஐயரவர்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். பச்சைக் காலத்தில் எண்ணிய எண்ணை வைத்து, ஊதாத் துணி போடுகிற அட்வெந்து காலத்தில் நிறுத்துகிறீர்கள். இந்த வருஷம் பெரிய வெள்ளியன்று, ஏப்ரல் 18, அதே எண் நூறைத் தாண்டி நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் இருந்து ஒரு முழுத் திருச்சபை ஆண்டைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாக் காலமும் கைபேசிக்குள் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. அட்வெந்து நன்றாகவே வரும். காத்திருக்கிற காலம்தானே, கட்டிலில் கிடக்கிறவர்களுக்குக் காத்திருப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. என்ன, ஊதாத் துணி எங்கள் போனில் நீலமாகத்தான் தெரியும். "இது என்ன புதுசா நீலம்?" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையும் நன்றாக வரும், கூட்டம் அதிகம், பாட்டுச் சத்தம் அதிகம். ஆனால் அந்தப் பாட்டின் ஆர்கன் இசைக்கு யாரோ காப்புரிமை கேட்டுவிட்டார்கள் என்று மறுநாள் பதிவில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ராகத்துக்கு! தம்பி குவைத்தில் வேலை முடிந்து வந்து பதிவைப் போட்டால், எல்லாரும் ஊமையாக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்களாம்.

ஆர்.சி. தெரு சிஸ்டர் ஒருவர் அம்மாவைப் பார்க்க வருவார். அவர் சொன்ன கதை: அசிசி ஊரின் கிளாரா அம்மையார் 1252 கிறிஸ்துமஸ் இரவில் எழுந்து போக முடியாமல் படுக்கையில் கிடந்தார், மற்ற சகோதரிகள் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள், அப்போது அங்கே நடந்த பூசை அவருக்குப் படுத்த இடத்திலேயே தெரிந்தது, கேட்டது என்பது அவர்கள் மரபு. அதனால்தான் 1958-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலர் ஆக்கினாராம். நாம் புனிதர்களை வேண்டுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "அவளுக்கு நெட்டு தீர்ந்துபோகாது" என்றாள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை எங்களுக்குப் பாதி வரும், பாதி வராது. தம்பிக்கு மணி ஒன்பதரைக்கே புது வருஷம் பிறந்துவிடும். புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிற நேரத்தில் அம்மா கையை நீட்டினாள், கைபேசியைப் பார்த்து. வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் அவள் பெயருக்கு ஒரு அட்டையை எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நல்ல பிள்ளைதான். "போட்டோவ எப்படி வேதப்புஸ்தகத்துக்குள்ள வைக்க?" என்று அவள் கேட்டதை நான் ஞாயிறு பள்ளி டீச்சரிடம் சொன்னேன். இரண்டாம் தேதி ஒரு சின்னப் பெண் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு முறுக்கை வாங்கிக்கொண்டு ஓடிப்போனாள். அது இன்னும் சங்கீதப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலமும் பெரிய வெள்ளியும்தான் எங்களுக்குச் சரியாக அமைந்தவை. பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு திருவசனங்கள், ஏழு பேர் பேசுகிறார்கள். துணி எடுத்த வெறும் பீடத்தையும் கறுப்புத் துணி போட்ட சிலுவையையும் பார்த்தபடி கேமராவை நிறுத்திவிட்டு அந்தத் தம்பி நகராமல் இருந்தான். யார் முகமும் தெரியவில்லை. அம்மா மூன்று மணி நேரமும் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தாள். மூன்று அடித்த பிறகுதான் கஞ்சி குடித்தாள். கோயிலுக்கு வந்திருந்தால்கூட நான் அவ்வளவு ஒன்றி இருந்திருப்பேனா என்று தெரியவில்லை, மூன்றாம் வசனத்துக்கு மேல் எனக்கு விசிறி தேடச் சொல்லும்.

ஓலை பிடித்துப் பவனி போகிற குருத்தோலை ஞாயிறு கைபேசிக்குள் வராது. 2020-லேயே பார்த்தோம். அந்த வருஷம் மார்ச் 22 ஞாயிறு ஜனதா ஊரடங்கு, பிறகு முழு ஊரடங்கு, ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. பின்வாசல் தென்னையில் இருந்து ஒரு ஓலையைக் கிழித்து, அப்போது நடமாடிக்கொண்டிருந்த அம்மா முற்றத்தில் தனியாகச் சுற்றி வந்தாள். தெருவே பார்த்தது. பவனிக்குப் பத்துப் பேராவது வேண்டும்.

ஈஸ்டர் அதிகாலை பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நாலரை மணி இருட்டு, போனில் ஒன்றுமே தெரியவில்லை. கருப்பாக ஒரு கட்டம், சரளைக் கல்லில் காலடிச் சத்தம், எங்கோ ஒரு சேவல், ஒருவர் இருமுகிறார், அப்புறம் தூரத்தில் பாட்டுத் தொடங்குகிறது. இதை யார் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடியத் தொடங்கியதும், "அப்பாகிட்ட யாராவது நிக்காங்களா பாரு" என்றாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்து கூட்டம் கலைகிறபோது கேமரா கொஞ்சம் ஆடியது. அந்தத் தம்பி போனைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைக்குள் நடந்து, வேப்பமரத்துக்கு வலப்பக்கம் மூன்றாவது கல்லறைக்கு முன்னால் ஒரு அரை நிமிஷம் நின்றான். யாரோ ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். அவன் எங்கள் அப்பாவிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். நீங்கள் செலவுக் கணக்கில் எழுதுவது அவனுக்குக் கொடுக்கிற மாத நெட் பேக்கைத்தானே?

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவது ஒரு தமாஷ். நேரலை முப்பது நொடி பிந்தித்தான் வரும். அம்மா பூசணிக்காய்க்கு நானூறு என்று சொல்லி, நான் போன் போட்டு, அங்கே எடுத்தவர் கத்திச் சொல்வதற்குள் பூசணிக்காய் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது பூசணிக்காய்க்கு என் சித்தப்பா மகன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அறுநூற்றைம்பது. அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு சாக்கு வாங்கலாம், அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற கோயில் விருந்தான அசனம் மட்டும் எந்தக் கேமராவிலும் வராது. யாரோ ஒரு புண்ணியவான் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து கொடுத்த வருஷம் நாங்கள் அசனம் சாப்பிட்டோம், மறந்துபோன வருஷம் வாசனையோடு சரி.

மேலே எழுதியதைத் திரும்பிப் பார்த்தால் எனக்கே ஒன்று தெரிகிறது. அட்டையைக் கொண்டுவந்த சின்னப் பெண், கல்லறை முன்னால் நின்ற தம்பி, ஏலத்தில் போனைப் பிடித்தவன், தூக்குவாளிக்காரர். இவர்கள் இருந்த நாட்களில்தான் அந்த ஆராதனை எங்கள் வீட்டுக்குள் வந்தது. நீங்கள் படம் மட்டும் காட்டிவிட்டு, பார்க்கிற ஆளை மறந்துபோன நாட்களில் நாங்கள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே நேரலையை முன்பு போலவே நடத்துங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இப்படியே நடத்துவதானால் அது பதினொன்றில் இருந்து ஏழாகும், மூன்றாகும். உங்கள் எண்ணிக்கை சரி என்று ஆகிவிடும்.

அப்பத்திலும் ரசத்திலும் பங்கெடுக்கிற திருவிருந்து பற்றி ஒரு வார்த்தை. ஊரடங்கில் என் சித்தி பிஸ்கட்டையும் திராட்சை ரசத்தையும் கைபேசி முன்னால் வைத்துப் பங்கெடுத்ததாகச் சொன்னாள். எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. அது சரியா தப்பா என்பதைப் படித்தவர்கள் பேசட்டும். ஆனால் அதற்கு மாற்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்பவர் அன்றைய ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். வர முடியாதவர்களுக்கு அப்பத்தையும் ரசத்தையும் டீக்கன்மார் என்ற சபை ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததாக அதில் இருக்கிறது. கோயிலில் நடந்த அதே பந்தியில் இருந்து, அதே நாளில். நம் ஐயரவர்களும் வீட்டுக்கு வந்து கொடுக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தீர்கள். அதற்கு அப்புறம் இன்னும் வரவில்லை. சேகரத்தில் பதினாலு சபை, வண்டி ஒன்று, எனக்குத் தெரியும்.

நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாகி, 1950-ல் தன் திருவிருந்து ஒழுங்கை வகுத்தபோது, ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கொடுப்பதை அதில் சேர்த்தது. மேல்நாட்டுச் சபைகள் பல நம்மைப் பார்த்துத்தான் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டன என்று கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த என் மாமா பெருமையாகச் சொல்வார். அந்த இடம் வரும்போது அம்மா இரண்டு கையையும் சேர்த்துக் கைபேசிப் பக்கம் நீட்டுவாள். அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் எழுந்துபோய் வாங்கிக்கொள்வேன், சில சமயம் கையில் மாவோடு. மேலத்தெருப் பெரியவருக்கு வாங்கிக்கொள்ள மருமகள் இருக்கிறாள். சென்னையில் அந்த நர்ஸ் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புதுக் கேமரா வேண்டாம். மைக் ஸ்டாண்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய அந்தப் போன் போதும், தூணுக்கு இந்தப் பக்கம் வையுங்கள். பாட்டு எண்ணை அறிவிக்கும்போது இரண்டு தடவை சொல்லுங்கள், எந்தப் பாட்டுப் புத்தகம், பாமாலையா கீர்த்தனையா என்று தேடுவதற்குள் முதல் கவி முடிந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் யார் என்று ஒரு நோட்டில் பெயர் எழுதுங்கள், எழுதச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன், அந்த நாலு பேரையும் கண்டுபிடித்துவிடலாம். நன்றாக நடமாடுகிறவர்கள் பெயர் அதில் இருந்தால் ஐயரவர்கள் தாராளமாக அவர்கள் வீட்டுக்குப் போய் எபிரெயர் 10:25-ஐ வாசியுங்கள், நானும் கூட வருகிறேன். மற்றவர்களுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை யாராவது ஒரு ஆள். குருத்தோலை ஞாயிறு மத்தியானம் ஒரு ஓலை, வருஷப்பிறப்புக்கு ஒரு அட்டை, மாதம் ஒரு தடவை திருவிருந்து. இரண்டாம் பாடத்தை எப்போதாவது வீட்டில் இருந்து ஒருவர் வாசிக்கட்டும். அடிக்குரல் பெரியவருக்கு மூச்சு வாங்கும், ஆனால் ஆறு வசனம் வாசிப்பார். கோயிலில் இருப்பவர்கள் எங்களைக் கேட்கட்டுமே ஒரு நாள், நாங்கள்தான் ஐந்து வருஷமாக உங்களைக் கேட்கிறோம்.

அட்வெந்து மெழுகுவர்த்தி நாலும் வாங்கிவிட்டேன், மூன்று ஊதா, ஒன்று ரோஸ். கடைக்காரர் ரோஸுக்குப் பதில் சிவப்பைக் கட்டிவைத்தார், திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியும், எங்கே ஏற்றப் போகிறோம் என்று கேட்கவில்லை.

கமிட்டி அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். இதை நேரில் வந்து பேச எனக்கு ஆசைதான். அந்த ஒரு மணி நேரம் அம்மா பக்கத்தில் இருக்க உங்கள் வீட்டில் இருந்து யாரையாவது அனுப்பினால் கட்டாயம் வருகிறேன். அனுப்ப முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஒரு பழைய ஞாயிறு பள்ளி டீச்சர்